சம்பந்திக்கு மூன்று தவ்

பிஸ்டன் வட்டமாக இருக்கும் என்று நம்புகிறவர்களைப் பார்த்தால் தவ்காரருக்குக் கோபம் வராது, பரிதாபம்தான் வரும். படித்தவர்கள், பெரிய வேலையில் இருப்பவர்கள்கூட அப்படித்தான் நினைக்கிறார்கள் என்று தலையில் அடித்துக்கொள்வார். பிறகு கையைத் துடைத்துவிட்டு, அலமாரியிலிருந்து பழைய பிஸ்டன் ஒன்றை எடுத்து வந்து, வந்தவர் உட்காருவதற்குள் பாடத்தை ஆரம்பித்துவிடுவார். மேலே ஒல்லி, கீழே பருமன். பின் என்கிற குறுக்குக் கம்பி நுழைகிற துளைகள் இருக்கும் பக்கம் ஒடுக்கம், அதற்குக் குறுக்கே அகலம். எஞ்சின் சூடேறியதும் ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு அளவுக்கு உப்பும். அப்போதுதான் அது வட்டத்துக்கு வரும். குளிர்ந்திருக்கும்போதே வட்டமாக இருக்கிற பிஸ்டன் ஓடும்போது கோணிக்கொள்ளும். இதையெல்லாம் அவர் சொல்லி முடிப்பதற்குள், வந்தவருக்கு எதற்காக வந்தோம் என்பதே மறந்துபோயிருக்கும்.

தேய்ந்துபோன மோட்டார்சைக்கிள் சிலிண்டர்களின் உட்புறத்தைக் கடைந்து சற்றே பெரிதாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்திக் கொடுப்பது அவர் தொழில். அந்தத் தொழிலில் எல்லாமே தவ் கணக்கு. ஓர் அங்குலத்தை ஆயிரமாக வகுத்தால் அதில் ஒரு பங்கு ஒரு தவ். தலைமுடி ஒன்றின் கனம் ஏறக்குறைய மூன்று தவ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் எத்தனை தவ் இடைவெளி விடுகிறோம் என்பதில்தான் எஞ்சினின் ஆயுசே இருக்கிறது. அதிகம் விட்டால் பிஸ்டன் சுவரில் மோதி டக்டக்கென்று சத்தம் போடும். குறைத்து விட்டால் சூட்டில் உப்பிச் சுவரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். சீஸ் ஆகிவிட்டது என்பார்கள். ஓடிக்கொண்டிருக்கிற வண்டியில் அப்படி ஆனால் பின்சக்கரம் அந்த நொடியே பூட்டிக்கொள்ளும்.

மனிதர் இந்தத் தவ் புத்தியைப் பட்டறையோடு விட்டாரா என்றால் இல்லை. கதவுக் கீல், கண்ணாடிச் சட்டம், மேசைக் கால், எதைப் பார்த்தாலும் அரைத்தவ் அதிகம், ஒரு தவ் குறைச்சல் என்று தொடங்கிவிடுவார். தையற்காரரிடம் சட்டைக்கு அளவு கொடுக்கப் போய், அவர் நாடாவைப் பிடித்த லட்சணத்தைக் குறை சொல்லிச் சண்டை போட்டுவிட்டு, துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தவர். அன்றிலிருந்து அவருக்குச் சட்டை எடுப்பது அவர் மனைவிதான். கடையில் தொங்குவதில் ஒன்றைக் கொண்டுவந்து, "போட்டுக்கங்க, பேசாதீங்க" என்று கொடுத்துவிடுவார். இவரும் பேசாமல் போட்டுக்கொள்வார். வீட்டில் அவர் வாயை மூட வைக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்த அம்மாள்.

பட்டறை, வீட்டின் பின்பக்கம் ஒட்டியிருந்த ஒற்றை அறை. தகரக் கூரை, வடக்குப் பார்த்த ஜன்னல், நடுவில் அவரைவிட வயதான கடைசல் எந்திரம். ஜன்னலுக்குக் கீழே அளக்கும் மேசை. அதன்மேல் பஞ்சு வைத்த மரப்பெட்டியில் மைக்ரோமீட்டர்கள் படுத்திருக்கும். அந்தப் பெட்டியை அவரைத் தவிர யாரும் தொடக் கூடாது. கடைந்து முடித்த சிலிண்டரை உடனே அளக்க மாட்டார். பிஸ்டன், சிலிண்டர், மைக்ரோமீட்டர் மூன்றையும் ஒரே மேசையில் ஒரு நாள் முழுக்க வைத்து, மூன்றும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகுதான் கையை வைப்பார். அவசரப்படுகிறவர்களுக்கு அங்கே இடம் இல்லை. ஒருமுறை காலில் வெந்நீர் கொட்டியதுபோல் பறந்த ஒருவரிடம், "உங்க அவசரம் உங்களுக்கு, இரும்புக்கு அது தெரியாது" என்று சொல்லி சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முப்பத்தோரு வருஷத்தில் தன் பட்டறையிலிருந்து போன எஞ்சின் ஒன்றுகூட சீஸ் ஆகித் திரும்பி வந்ததில்லை என்பது அவருடைய பெருமை. இது கிட்டத்தட்ட உண்மை. ஒன்றே ஒன்று வந்தது. அதன் சொந்தக்காரர் எண்ணெய் ஊற்ற மறந்துவிட்டார் என்பதால் அதை இவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

இவருடைய ஒரே மகளைக் கட்டிக்கொண்டவரின் தகப்பனார் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்தம், அக்கம்பக்கம் எல்லோருக்கும் அவர் கார்டுதான். முப்பத்தாறு வருஷம் அடுத்தவர் ஓட்டிய வண்டியின் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து, கொடி காட்டிக்கொண்டே போனவர். தன் கையால் அவர் ஓட்டிய ஒரே வண்டி, வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் வாங்கிய கறுப்பு மோட்டார்சைக்கிள். வாங்கும்போதே அது பழையது. ஒற்றைச் சிலிண்டர். உதைத்துக் கிளப்புவதற்கு ஒரு பக்குவம் வேண்டும். ஞாயிறு தோறும் காலைப் பலகாரம் முடிந்ததும் மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, மேட்டுச் சாலையில் ஏறி அணைக்கட்டுவரை போய்க் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். மழைக்காலத்தைத் தவிர அவர்கள் அதை விட்டதே இல்லை.

சம்பந்திகள் இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு மலையளவு மரியாதை. அதுதான் தொல்லை. இவர் போனால் அவர் "வாங்க சம்பந்தி" என்பார். அவர் வந்தால் இவர் "உட்காருங்க சம்பந்தி" என்பார். அதற்குமேல் என்ன பேசுவதென்று இரண்டு பேருக்குமே தெரியாது. மின்விசிறியை நிமிர்ந்து பார்ப்பார்கள், வெயில் அதிகம் என்பார்கள், டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

கார்டின் வண்டி நீலப் புகை விட ஆரம்பித்ததும் இந்த மரியாதை இன்னும் முற்றிப்போனது. மருமகளின் பிறந்த வீட்டில் போய் வேலை சொன்னால் அதிகாரம் பண்ணுகிறோம் என்று நினைத்துவிடுவார்களோ என்று கார்டு வாயைத் திறக்கவில்லை. நாமாகப் போய்க் கேட்டால் வண்டி சரியில்லை என்று குத்திக்காட்டுவதுபோல் ஆகிவிடுமோ என்று இவரும் கேட்கவில்லை. ஆனால் கார்டு வந்து போகும்போதெல்லாம் வாசலில் நின்று, புகை தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு, பல் வலிக்கிறவர் மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருவார். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் மகள்தான் இருவருக்கும் நடுவில் புகுந்து வண்டியைப் பட்டறைக்கு அனுப்பி வைத்தாள்.

வண்டி வந்த நாளிலிருந்து தவ்காரருக்குத் தலைகால் புரியவில்லை. சிலிண்டரைக் கழற்றி அளந்தார். ஏற்கெனவே இரண்டு முறை கடைந்தாகிவிட்டது, இன்னும் ஒரே ஒரு கடைசலுக்குத்தான் சுவர் தாங்கும். ஆகவே போடப்போகும் பிஸ்டன்தான் கடைசி பிஸ்டன். அது உசத்தியாக இருக்க வேண்டும் என்று தேடத் தொடங்கினார். மூன்று வழி இருந்தது. தண்ணீர் இறைக்கும் எந்திரத்தின் பிஸ்டன் ஒன்று அதே அகலத்தில் கிடைக்கும், தலையை அராவிப் போட்டுவிடலாம் என்று உதிரிபாகக் கடைக்காரர் சொன்னார். தவ்காரர் முறைத்ததோடு சரி. இரண்டாவது, அந்த வண்டிக்கென்றே அந்தக் காலத்தில் வார்த்த பிஸ்டன். அதன் கீழ்ப்பகுதியில் நீளமாக ஒரு பிளவு இருக்கும். சூட்டில் உப்புவதை அந்தப் பிளவு வாங்கிக்கொள்ளும் என்பதால் இரண்டரைத் தவ் இடைவெளியே போதும், சத்தமும் வராது. அவருக்குப் பிடித்த ஜாதி. ஆனால் கிடைத்த ஒன்றும் யாரோ கீழே போட்டு விளிம்பு நசுங்கியிருந்தது.

மூன்றாவது, புதிதாகச் செய்த பிஸ்டன். வார்த்தது இல்லை, அடித்துச் செய்தது. பிளவு கிடையாது, முழுசு. கையில் வாங்கிப் பார்த்தபோதே அதன் அழுத்தம் அவருக்குப் பிடித்துவிட்டது. பெட்டிக்குள் ஒரு துண்டுக் காகிதம் மடித்து வைத்திருந்தது. இந்த பிஸ்டன் சூட்டில் அதிகம் உப்பும், நாலரைத் தவ் இடைவெளி விடவும் என்று அதில் அச்சிட்டிருந்தது.

அந்தக் காகிதத்தை அவர் இரண்டு முறை படித்தார். இதை நான் இங்கேயே சொல்லிவிடுகிறேன், தெரியாமல் செய்தார் என்று பிறகு யாரும் வக்காலத்து வாங்க வேண்டாம்.

நாலரைத் தவ் விட்டால் காலையில் கிளப்பியதும் ஐந்து நிமிஷம், சூடேறும்வரை, பிஸ்டன் டக்டக்கென்று அடிக்கும். அது நோய் இல்லை, அந்த பிஸ்டனின் சுபாவம். ஆனால் அது சம்பந்தி வீட்டு வாசலில் அடிக்குமே. சம்பந்தியம்மாள் காதில் விழுமே. இதுதான் உங்கள் அப்பா செய்த வேலையா என்று யாராவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் சமையலறையில் நிற்கிற தன் பெண் என்ன பதில் சொல்லுவாள்? மூன்று நாள் இதையே யோசித்தார். காகிதத்தை அச்சடித்தவன் எவனோ, பயந்தாங்கொள்ளி, சகட்டுமேனிக்குக் கூட்டிப் போட்டிருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என் கை பட்டால் மூன்று தவ்வே தாராளம் என்று முடிவு கட்டினார். கடைந்து, மெருகிட்டு, ஒரு நாள் வைத்து, அளந்தார். மூன்று தவ். மேலே, நடுவே, கீழே, எந்த இடத்தில் வைத்தாலும் அச்சு மாறாமல் மூன்று. அதைவிடச் சுத்தமான வேலையை அவர் தன் வாழ்நாளில் செய்ததில்லை. அதுவும் உண்மை, சொல்லத்தான் வேண்டும்.

வண்டியைக் கிளப்பியபோது சத்தம் என்று ஒன்றே இல்லை. வாசலில் நின்ற கார்டு குனிந்து எஞ்சின் பக்கம் காதை வைத்தார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. முதல் ஐந்நூறு மைல் நாற்பதுக்குமேல் போகக் கூடாது என்று இவர் சொல்ல, கார்டு முன்பு நிலைய அதிகாரிகளிடம் ஆட்டியதுபோல் தலையை ஆட்டினார். அன்று இருவரும் மின்விசிறியைப் பார்க்கவில்லை. அரை மணி நேரம் பேசினார்கள். தவ்காரரின் மனைவிக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறிய பிறகு, மேட்டுச் சாலையில் பாதி தூரம் ஏறியிருந்தபோது வண்டி பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் ஒரு கணம் பூட்டி, வண்டி தடுமாறிக்கொண்டே போய்ச் சாலையோர மணலில் சாய்ந்தது. கார்டுக்கு முழங்காலில் சிராய்ப்பு. சம்பந்தியம்மாளுக்கு இடது மணிக்கட்டில் எலும்பு விரிந்து, மாவுக்கட்டு போட வேண்டியதாயிற்று. ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

செய்தி வந்ததும் தவ்காரர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆனால் போனில் மகள் சொன்ன அடுத்த வாக்கியம் அவரைத் தூக்கி நிறுத்தியது. கார்டு யாரையும் குறை சொல்லவில்லையாம். தப்பெல்லாம் தன்மேல்தான் என்கிறாராம். வளைவில் ஒரு நொடி கவனம் தப்பியிருக்க வேண்டும், கண்கூட மங்கியதோ என்னவோ, கை என்ன செய்ததென்றே தெரியவில்லை, வயசாகிவிட்டது என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். மருமகன் அதைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் வண்டியைத் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். கார்டும் சரி என்றுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை சரக்கு வண்டியில் மோட்டார்சைக்கிள் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. புதன்கிழமை காலை கதவைச் சாத்திக்கொண்டு தவ்காரர் சிலிண்டரைத் தூக்கினார். கெட்டுப்போன பிஸ்டன் பொய் சொல்லாது. எண்ணெய் வற்றியிருந்தால் சுற்றிலும் உரசியிருக்கும். பெட்ரோல் சரியாகப் போகாமல் சூடு ஏறியிருந்தால் தலை வெந்திருக்கும். இதில் தலை சுத்தமாக இருந்தது, எண்ணெய் பளபளத்தது. பின் கம்பித் துளைகளின் இருபுறமும், நான்கே இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு அலுமினியம் இழுபட்டிருந்தது. உப்ப இடமில்லாமல் நான்கு மூலையும் சுவரில் போய் முட்டியதன் தடம். வேறு யாராவது கொண்டுவந்து காட்டியிருந்தால், இடைவெளியைக் குறைத்துவிட்ட முட்டாள் யார் என்று வாசலிலேயே கேட்டிருப்பார். கேட்க இப்போது அங்கே வேறு ஆள் இல்லை.

இன்னொன்றையும் அவர் கண்டார். அந்தத் தடங்கள் மிகவும் குட்டை. பூட்டிக்கொண்ட எஞ்சினை ஓடுகிற வண்டி இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் தடம் மேலிருந்து கீழ்வரை கிழித்திருக்கும், சிலிண்டர் சுவரும் போயிருக்கும். இங்கே சுவரில் ஒரு கீறல்தான், மெருகிட்டாலே போய்விடும். பிஸ்டன் பிடித்த கணமே ஓட்டியவர் கிளட்ச்சைப் பிடித்துச் சக்கரத்தை எஞ்சினிலிருந்து விடுவித்திருக்கிறார். யோசித்துச் செய்கிற காரியம் இல்லை அது. இருபது வயதுக்காரனுக்கே பத்தில் ஒருவனுக்குத்தான் வரும். அந்தக் கை அப்படிப் பிடித்திருக்காவிட்டால் மணிக்கட்டோடு போயிருக்காது.

மத்தியானம் சாப்பாட்டில் உட்கார்ந்தவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி வாயைக் கிளறி விஷயத்தை வாங்கிவிட்டார். வாங்கியதும் அந்த அம்மாள் எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அவரே தன் மேல போட்டுக்கிட்டார். நீங்க எதுக்குப் போய் இழுத்து விட்டுக்கறீங்க? நம்ம பொண்ணு அந்த வீட்லதான் காலம் தள்ளணும்."

அந்த அம்மாளைத் தப்புச் சொல்ல முடியாது. புது பிஸ்டன் வாங்கி, சிலிண்டரை இன்னும் ஒன்றரைத் தவ் மெருகிட்டு நாலரையில் நிறுத்திவிட்டால் முடிந்தது கதை. பழைய பிஸ்டனைக் குப்பையில் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? முப்பத்தோரு வருஷப் பெருமையும் அப்படியே இருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் அதைத்தான் செய்ய இருந்தார். புது பிஸ்டனுக்குச் சொல்லியும் விட்டார். பழையதை மட்டும் ஏனோ குப்பையில் போடவில்லை. பனியன் துணியில் சுற்றி அளக்கும் மேசையின் இழுப்பறையில் வைத்திருந்தார்.

அடுத்த புதன்கிழமை மகள் மறுபடி பேசினாள். சனிக்கிழமை ஒருவர் வண்டியை வாங்கிக்கொள்ள வருகிறார், அதற்குள் ஓடுகிற மாதிரி பூட்டிக் கொடுத்தால் போதும் என்று கார்டு சொல்லச் சொன்னாராம். அதைச் சொல்லிவிட்டு அவள் போனை வைக்கவில்லை.

"மாமா தினமும் காலைல டம்ளர் நிறையத் தண்ணிய ஊத்தி, கையை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கறார்ப்பா. நடுங்குதான்னு பாக்கறாராம். சிந்தவே இல்ல. ஆனா மறுநாளும் பாக்கறார்."

அந்த மனிதர் தன் கையையே சந்தேகப்படுகிறார். முப்பத்தாறு வருஷம் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தவர், மிச்ச காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்காலியில் உட்கார்ந்து, தன்னால்தான் மனைவியின் கை ஒடிந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கப்போகிறார். தவ்காரர் வாயைத் திறந்தால் அது இல்லை. திறக்காவிட்டால் சனிக்கிழமையோடு எல்லாம் முடிந்தது.

வியாழக்கிழமை காலை பிஸ்டனைத் துணியோடு பைக்குள் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினார். மனைவி தடுக்கவில்லை. ஒரு நல்ல சட்டையை எடுத்துக் கொடுத்து, பித்தான் சரியாகப் போட்டிருக்கிறாரா என்று பார்த்து அனுப்பினார்.

"வாங்க சம்பந்தி" என்றார் கார்டு. பத்து நாளில் ஆள் இளைத்திருந்தார். சம்பந்தியம்மாள் மாவுக்கட்டுக் கையைத் தலையணைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார். மகள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போகாமல் கதவோரம் நின்றுவிட்டாள். மருமகன் வேலைக்குப் போயிருந்தான்.

அன்று வண்டி என்ன வேகத்தில் போனது என்று தவ்காரர் கேட்டார். கார்டு எழுந்துபோய்ச் சிறிய நோட்டு ஒன்றை எடுத்து வந்து நீட்டினார். ரயிலில் இருந்த பழக்கம், ஒவ்வொரு பயணத்தையும் நேரம் போட்டுக் குறித்து வைத்திருந்தார். கடைசி வரி தெளிவான கையெழுத்தில் இருந்தது. 'காலை 11.52. மேட்டில் பாதி. வேகம் முப்பத்தைந்து. வண்டி நின்றது. காரணம், ஓட்டியவரின் கவனக்குறைவு.'

தவ்காரர் நோட்டைக் கீழே வைத்தார். பையிலிருந்து துணியைப் பிரித்து பிஸ்டனை நோட்டின்மேல் வைத்தார்.

"காரணம் தப்பா எழுதியிருக்கீங்க சம்பந்தி. இதுக்கு நாலரைத் தவ் விடணும்னு பெட்டியிலேயே காகிதம் வச்சிருந்தான். நான் படிச்சேன். படிச்சுட்டு மூணு விட்டேன்."

கார்டு பிஸ்டனைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"ஏன்?"

"உங்க வண்டிங்கறதாலதான். காலைல கிளப்பினா சத்தம் வரும். சம்பந்தி வீட்டு வாசல்ல என் வேலை சத்தம் போடக் கூடாதுன்னு நினைச்சேன். வேற யார் கொண்டு வந்திருந்தாலும் நாலரைதான் விட்டிருப்பேன்."

பிறகு நான்கு மூலைத் தடங்களையும் விரல் வைத்துக் காட்டினார். அவை ஏன் அத்தனை குட்டையாக இருக்கின்றன என்பதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் பழையபடி ஏறியது, பட்டறையில் பாடம் நடத்தும் குரல். இப்படிப் பிடித்த எஞ்சின்களை ஆயுசில் நூறு பார்த்திருப்பேன், இவ்வளவு சீக்கிரம் கிளட்ச்சைப் பிடித்த கையை நான் பார்த்ததில்லை, என் கைக்கு இந்த வேகம் கிடையாது என்றார். சொல்லி முடித்துவிட்டு, இனி எது வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று மடியில் கையை வைத்துக்கொண்டார்.

"இவ கை ஒடிஞ்சிருக்கு சம்பந்தி" என்றார் கார்டு. சத்தம் போடவில்லை. அதனாலேயே அது ஆழமாக இறங்கியது.

"தெரியும். அதுக்கு நான் என்ன சொல்றதுன்னு தெரியல."

கதவோரம் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். சம்பந்தியம்மாள்தான் முதலில் வாய் திறந்தார். எஞ்சின் முதலில் நின்றது, பிறகுதான் வண்டி சாய்ந்தது என்று தான் மருத்துவமனையிலேயே சொன்னதாகவும், இரண்டு ஆண்பிள்ளைகளும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றும் மகனையும் சேர்த்துப் பொரிந்து தள்ளினார். கார்டு அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. பிஸ்டனைக் கையில் எடுத்து, அந்தக் குட்டைத் தடங்களைக் கட்டைவிரலால் திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்போ என் கை?" என்றார்.

"உங்க கைதான் ரெண்டு பேரையும் காப்பாத்தியிருக்கு. இதுல எழுதியிருக்கு, படிக்கத் தெரிஞ்சவன் நான் சொல்றேன்."

அறுபத்தாறு வயது மனிதர், மருமகளும் சம்பந்தியும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்று நினைக்காமல் அழுதார். பத்து நாளாக அடக்கி வைத்திருந்தது அத்தனையும் வந்தது. யாரும் அவரைத் தேற்றப் போகவில்லை. சம்பந்தியம்மாள் மட்டும் நல்ல கையை நீட்டி அவர் முதுகில் வைத்தார்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கார்டு சனிக்கிழமை வர இருந்தவருக்குப் போன் பண்ணி வண்டி கொடுப்பதற்கில்லை என்று சொல்லிவிடச் சொன்னார். மகள் அங்கே நின்றபடியே போனை எடுத்து எண்ணைத் தேடத் தொடங்கினாள்.

தவ்காரர் எழுந்து, புது பிஸ்டன் சொல்லியிருப்பதாகவும், சம்பந்தியம்மாளின் கட்டுப் பிரிப்பதற்குள் வண்டி தயாராகிவிடும் என்றும் மென்று விழுங்கிச் சொன்னார். கார்டு பிஸ்டனைத் துணியில் பழையபடி சுற்றி அவர் கையில் கொடுத்தார். கொடுத்த கையை உடனே எடுக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சம்பந்தி. எனக்குன்னு தனியா எதுவும் செய்யாதீங்க. தெருவுல போறவன் வண்டியக் கொண்டு வந்தா அவனுக்கு எவ்வளவு விடுவீங்களோ, எனக்கும் அவ்வளவே விடுங்க."

"நாலரை" என்று தலையை ஆட்டினார் தவ்காரர்.